வீட்டை அடமானம் வைத்து மகனை ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க அனுப்பலாமா?

அனுப்பலாம். நான் மகளை அனுப்பியிருக்கிறேன். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பத்திரம் 2023 ஆகஸ்டில் வங்கிக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. "அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸே கிடையாதாமே, அப்புறம் எதற்குக் கடன்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஓடியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃபீஸ் இல்லை என்பது பெரும்பாலும் உண்மை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017லிருந்து நம் பிள்ளைகளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் செமஸ்டர் கட்டணம் என்று சில நூறு யூரோவோடு முடிந்துவிடும். பணம் போவது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்தான். அதற்கு ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்ட் என்ற தனிக் கணக்கில் கட்டிக் காட்டினால்தான் விசா. நாங்கள் கட்டியபோது 11,208 யூரோ, அன்றைய மதிப்பில் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2024 செப்டம்பரில் 11,904 ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ, அப்ளிகேஷன் கட்டணங்கள் என்று கை கரைந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். எங்களிடம் பைசா வாங்கவில்லை. ஆனால் அவர்கள் காட்டியதெல்லாம் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் ஃபீஸ் உள்ள தனியார் கல்லூரிகள். அரசுப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் "உங்க பொண்ணு மார்க்குக்குக் கஷ்டம் சார்" என்றார்கள். அவளே மூன்று மாதம் உட்கார்ந்து தேடி, அவளே விண்ணப்பித்து, டிரெஸ்டன் பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் மகனும் அந்தத் தேடலைத் தானே செய்யட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடன் கதைக்கு வருகிறேன். வங்கியில் மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்டார்கள். என் வருமானம் போதாது, வீட்டை வைத்தால்தான் 20 லட்சம் என்றார்கள். என் வருமானம் ஏன் காகிதத்தில் குறைவாக இருக்கிறது? நான் ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று பில்லை நாலு மாதம் வைத்திருந்து தருகிறது. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் போட்டாயிற்று. பிந்தினால் வட்டியோடு கேட்கலாம். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. நான் கடனுக்குக் கம்பி வாங்கி, கடனுக்குக் கடைந்து கொடுத்து, என் பணத்தையே நாலு மாதம் அவர்களுக்கு வட்டியில்லாமல் விட்டுவைத்து, பிறகு நான் போய் வங்கியில் "வருமானம் போதாதவன்" என்று உட்கார்ந்திருக்க வேண்டும். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனால் அந்த மேனேஜர் முன்னால் உட்கார்ந்த நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வீட்டை வைக்கிறீர்கள் என்றால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா எல்லாவற்றையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். எங்கள் பட்டாவில் அப்பா பெயரே இருந்தது, மாற்றவே இரண்டு மாதம். லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன், பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததைச் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதியும் எம்ஓடி பதிவு என்று நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் விசா தேதி நெருங்கிவிட்டதால் பிளாக்டு அக்கவுண்டுக்குச் சீட்டுப் பணமும் நகைக் கடனும் போட்டு அனுப்பினோம். சொந்தப் பணமாக அனுப்பியதால் 7 லட்சத்துக்கு மேல் போனதற்கு 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி வாங்கிக்கொள்ளும் வரி, பிடித்தார்கள், பதினைந்தாயிரத்துச் சொச்சம். அதே பணம் கல்விக் கடனிலிருந்து போயிருந்தால் அப்போது அரை சதவீதம்தான். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன், ஆனால் கையில் ஒரு ரூபாய் இல்லாத மாதத்தில் அது போனது. இந்த வரம்புகள் அடிக்கடி மாறுகின்றன, நீங்கள் அனுப்பும் அன்றைக்கு வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பணம் புரட்டும் கஷ்டம். அதை எல்லோரும் எதிர்பார்த்துத்தான் இறங்குகிறோம். நான் எதிர்பார்க்காதது அவள் போய் இறங்கிய முதல் ஐந்து வாரம்.

பத்து லட்சத்தை அங்கே கட்டியாயிற்று, பிள்ளை இறங்கியதும் எடுத்துக்கொள்வாள் என்று நிம்மதியாக இருந்தேன். அது அப்படி இல்லை. அங்கே போய் ஒரு சாதாரண வங்கிக் கணக்கு திறந்தபிறகுதான் மாதம் 934 யூரோ என்று பிரித்து விடுவார்கள். அவள் போன வங்கியில் கணக்குத் திறக்க நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்த சான்று கேட்டார்கள். பதிய வேண்டுமென்றால் வீட்டுக்காரர் எழுதித் தரும் உறுதிக் கடிதம் வேண்டும். அவள் முதலில் தங்கிய தற்காலிக அறைக்காரர் அந்தக் கடிதம் தர மாட்டேன் என்றுவிட்டார். நிரந்தர அறை ஒன்று கிடைத்தது, வாடகை 280, டெபாசிட் மூன்று மாத வாடகை, 840. அந்தப் பணம் பிளாக்டு அக்கவுண்டில் பூட்டிக் கிடக்கிறது. அறை கிடைத்தால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் கணக்கு, கணக்கு இருந்தால்தான் பணம், பணம் இருந்தால்தான் அறை. டெபாசிட்டை மூன்று தவணையாகக் கட்ட அந்த ஊர்ச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதில் ஒரு வார்த்தைகூட அவள் என்னிடம் சொல்லவில்லை. "எல்லாம் ஓகேப்பா" என்பாள். எனக்குத் தெரிந்தது ஃபாரெக்ஸ் கார்டு மூலம், வெளிநாட்டுச் செலவுக்கு இங்கிருந்து பணம் ஏற்றிக் கொடுக்கும் கார்டு அது. அவளுடைய இந்திய நம்பர் அங்கே வேலை செய்யுமோ செய்யாதோ என்று கார்டுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தோம். அவள் அங்கே கார்டைத் தேய்த்தால் பட்டறையில் என் சட்டைப் பையில் போன் அதிரும். 2.38 யூரோ. 1.29 யூரோ. 0.89 யூரோ. பிள்ளை சிக்கனமாக இருக்கிறாள் என்று மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் நாலு நாள் மெசேஜே வரவில்லை.

நாலாம் நாள் ராத்திரி பட்டறையிலிருந்தே கூப்பிட்டேன். சாப்பிட்டாயா என்றேன், சீனியர் அக்கா ரூமில் சாப்பிட்டேன் என்றாள். "பாப்பா, நீ கார்டு போடறது எனக்கு மெசேஜ் வருது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உங்களுக்கு வருதாப்பா?" என்றாள். அப்புறம் அவள் கேட்டாள், "மணி அங்க பன்னெண்டு இருக்குமே, பின்னால மெஷின் ஓடுதே, என்னப்பா பண்றீங்க?"

வட்டி கட்ட ராத்திரி ஷிஃப்ட்டும் நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் "பணமெல்லாம் இருக்கு, நீ படி" என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தேன். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. எனக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று அவள் பட்டினி கிடந்தாள், அவளுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று நான் மறைத்தேன்.

மறுநாள் கார்டில் ஆயிரம் யூரோ ஏற்றினேன். அன்று மாலையே கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். நகைக் கடன் எவ்வளவு, வங்கிக் கடனில் எடுத்தது எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, எப்போதிலிருந்து தவணை. அவள் தன் பக்கத்துச் செலவை எழுதி அனுப்பினாள். காப்பீடு 120 யூரோவுக்கு மேல், வாடகை 280, வீட்டுக்கு ஒன்றென்று வாங்கும் ரேடியோ டிவி கட்டணம் 18.36, அதில் இவள் பங்கு மூன்றில் ஒன்று. அன்றிலிருந்து மாதாமாதம் இரண்டு பேரும் எழுதுகிறோம்.

"பிள்ளையிடம் போய்க் கடன் கணக்கைக் காட்டுவதா, படிப்பு கெடாதா?" என்று இங்கே சிலர் எழுதுவீர்கள். என் மகளுக்குக் கெடவில்லை. கணக்குத் தெரிந்தபிறகுதான் அவள் டிபார்ட்மெண்டில் ஸ்டூடண்ட் அசிஸ்டன்ட் வேலை கேட்டு வாங்கினாள். 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். "பெண் பிள்ளைக்கா வீட்டை வைத்தாய்?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

உங்கள் கணக்கில் இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர்ஸ் நாலு செமஸ்டர் என்று அட்மிஷன் கடிதத்தில் இருக்கும். நிறையப் பேருக்கு ஐந்து ஆறு ஆகிறது. என் மகளுக்கும் இப்போது ஐந்தாவது, தீசிஸ் எழுதுகிறாள். வங்கி தவணை தொடங்கும் தேதியைக் கடிதத்தைப் பார்த்துத்தான் போட்டிருந்தது, நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது, நான் 90 ரூபாய் யூரோவுக்குப் போட்ட கணக்கு, 2025ல் யூரோ நூறைத் தாண்டியதும் உடைந்துபோனது.

வட்டியை மட்டும் படிப்புக் காலத்திலேயே மாதாமாதம் கட்டிவிடுங்கள். நான் எடுத்த பன்னிரண்டு லட்சத்துக்கு மாதம் பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. கட்டாமல் விட்டிருந்தால் மூன்று வருடத்தில் மூன்றரை லட்சம் அசலோடு ஏறியிருக்கும். பழைய முறையில் வருமான வரி கட்டினால் அந்த வட்டிக்குக் கழிவும் உண்டு.

மகன் அக்டோபர் செமஸ்டருக்குப் போகிறான் என்றால், டிக்கெட் போடும் முன்பே தங்கப்போகும் அறைக்காரருக்கு எழுதி, முகவரி பதியக் கடிதம் தருவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கார்டில் இரண்டாயிரம் யூரோ தனியாக இருக்கட்டும். கார்டுக்கு உங்கள் நம்பரையே கொடுங்கள், மெசேஜ் உங்களுக்கு வரும் என்பதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.