ஏழாம் வகுப்பு மகனுக்கான தமிழ் நாவல்கள்

வணக்கம். படக்கதைகளைத் தாண்டி வர மறுக்கும் தங்கள் 12 வயது மகனுக்கு எந்தத் தமிழ் நாவலைக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அவனுக்கு அறிவியலில் ஆர்வம் உண்டு என்று எழுதியிருப்பதால், ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ நாவலையே முதலில் பரிந்துரைக்கிறேன். தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்த அக்கதை, இமயமலையில் பனிமனிதனைத் தேடிச் செல்லும் பயணத்தின் ஊடாகவே பரிணாமத்தையும் மலைகளையும் பற்றிப் பேசுவதால், பாடம் படிக்கும் உணர்வு சிறுவர்களுக்கு எழுவதில்லை.

அதன்பின், கீழடியை மையமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யைக் கொடுங்கள், 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நாவல் அது. முடிந்தால், படித்து முடித்த வாரமே கீழடி அருங்காட்சியகத்துக்கும் அவனை அழைத்துச் செல்லுங்கள்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகளின் உடல் பாதுகாப்பைப் பேசுவது. அதை மட்டும் தாங்களும் உடனிருந்து படிக்க வேண்டும், ஏனெனில் அதைப் படிக்கும் பிள்ளைக்குக் கேள்விகள் நிச்சயம் எழும்.

தொடக்கத்தில் முதல் இரண்டு அத்தியாயங்களைத் தாங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். படித்ததைச் சுருக்கி எழுதித் தரும்படி தயவுசெய்து கேட்காதீர்கள்.