கேலரியில் படம் வைக்க வேண்டும்: வாசகர் கேள்விகள்

ஓவியம் வரைகிற வாசகர்களின் கேள்விகளுக்கு, நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் பதில் எழுதுகிறார்.

குளச்சல் வாசகி: எனக்கு 24 வயது. அக்ரிலிக்கிலும் வாட்டர்கலரிலும் வரைகிறேன். சென்னையில் உள்ள ஏழெட்டு கேலரிகளுக்குப் படங்களை மெயிலில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. கடைக்கோடி ஊர் என்பதால்தான் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்களா சார்?

என் மாணவிகளின் வயதுதான் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். ஊர் காரணமில்லை மக்களே. கேள்வியோடு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். விவேகானந்தர் பாறையில் சூரியோதயம், ஒரு நடிகர் முகம், பூ ஜாடி, ராதா கிருஷ்ணர், அப்புறம் கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிறவர்களை முதுகுப் பக்கமிருந்து வரைந்த மூன்று படங்கள். அந்த மூன்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு தோளில் அழுந்துகிற இடத்தில் நீ வைத்திருக்கும் அந்தச் செம்மண் நிறம் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதல்ல. மற்றவையும் நன்றாக வரைந்தவைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் பார்க்கிறவருக்கு இந்தப் பெண் யார், எதைத் தேடி வரைகிறாள் என்று பிடிபடாது.

கேலரிக்காரர் ஒற்றைப் படத்தை வாங்குவதில்லை. ஒரு ஓவியரைத் தன் சுவரில் ஏற்றி, தன்னை நம்பி வருகிறவர்களிடம் இவரை வாங்குங்கள் என்று வருடக்கணக்கில் சொல்லப்போகிறார். அதற்கு அவருக்கு ஒரு வரிசை வேண்டும். கரைமடிப் படங்கள் பன்னிரண்டு, பதினைந்து ஆகட்டும். அதன்பிறகு அனுப்பு.

படமெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். காலையில் நேர் வெயில் விழாத திண்ணையில் படத்தை நிமிர்த்தி வைத்து, போனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடு. படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடு. பிளாஷ் கூடாது. ஒவ்வொரு படத்தின் கீழும் தலைப்பு, எந்த ஊடகம், எத்தனை அங்குலம், எந்த வருடம் என்று எழுது. கடிதம் பத்து வரி போதும். அந்தப் பத்து வரியில் அவர்கள் நடத்திய எந்தக் கண்காட்சியைப் பார்த்தாய், உன் படம் அங்கே ஏன் பொருந்தும் என்பது கட்டாயம் இருக்க வேண்டும்.

அதை எழுத வேண்டுமானால் போய்ப் பார்த்திருக்க வேண்டுமே! நமக்குத் திருவனந்தபுரம் பக்கம். மியூசியம் வளாகத்தில் 1935-இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா ஆர்ட் கேலரி இருக்கிறது. ரவி வர்மா படங்களையும் அதே வளாகத்தில் கிட்ட நின்று பார்க்கலாம். கொச்சியில் 2012-இல் ஆரம்பித்த பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் ஃபோர்ட் கொச்சிக்கு ஒரு நடை போய்வா. இந்தக் காலத்தில் ஓவியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் பார்க்க அதைவிட நல்ல இடம் நமக்குப் பக்கத்தில் இல்லை. சென்னைக்குப் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். 1966-இல் மூத்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஓவியர்கள், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி உண்டாக்கிய கிராமம் அது. கலையை விற்றுப் பிழைக்க முடியுமா என்று வீட்டில் கேட்டால் அந்தக் கதையைச் சொல்.

போகிற இடத்தில் முதல் நாளே பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டாதே. திறப்பு விழா அன்று கேலரிக்காரருக்கு ஆயிரம் வேலை இருக்கும். அன்று பார், பேசு, வந்துவிடு. படம் காட்ட இன்னொரு நாள் நேரம் கேட்டுக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம் வாசகர்: ஒரு கேலரியில் விற்ற விலையில் பாதி அவர்களுக்கு என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கமிஷன் இல்லை, ஆனால் ஹால் வாடகை கட்டச் சொல்கிறார்கள். எது நியாயம்?

இரண்டும் நடைமுறையில் உள்ளவைதான். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கமிஷன் வாங்குவது வழக்கம். பாதி என்றால் நெஞ்சு பதறுகிறது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதிக்கு அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அழைப்பிதழ், விளம்பரம், வாங்குகிறவர்களை அழைத்து வருவது எல்லாம் அவர் பொறுப்பு என்றால் கொடுக்கலாம். சுவரை மட்டும் தந்துவிட்டுப் பாதி கேட்டால் வேண்டாம்.

வாடகை ஹால் என்றால் விற்பது உங்கள் பாடு. சோழமண்டலத்திலும், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள, ஓவிய சிற்பக் கலைக்கான மத்திய அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்திலும் ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள். தனியாக எடுக்காதீர்கள். நம் மாவட்டத்து ஓவியர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் வாடகையும் வண்டிச் செலவும் பங்காகிவிடும், வருகிற கூட்டமும் கூடும்.

எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். கேலரி ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஓவியரின் படங்கள் கண்காட்சி முடிந்தும் ஒரு கேலரியின் பின்னறையில் மழைக்காலம் முழுவதும் கிடந்து, பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தன. யார் பொறுப்பு என்று கேட்க அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எத்தனை படம், ஒவ்வொன்றின் விலை, கமிஷன் எவ்வளவு, விற்றபின் எத்தனை நாளில் பணம், தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து, சேதமானால் யார் ஈடு, விற்காதவை எந்தத் தேதியில் யார் செலவில் திரும்பும் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டுடியோவில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று வைக்காதீர்கள். கமிஷன் மிச்சம் என்று வீட்டில் குறைத்துக் கொடுத்தது தெரிந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

அனுப்பும்போது கான்வாஸைச் சுருட்டுவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, பட்டர் பேப்பர் வைத்து, அகலமான பிவிசி குழாயில் சுற்றுங்கள். உள்பக்கம் வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு மடிப்பு விழும். இரண்டு பருவமழையும் பெய்து ஈரம் தங்குகிற ஊர் நம்முடையது. வாட்டர்கலருக்குச் சுற்றிலும் மவுன்ட் அட்டை வைத்தே ஃபிரேம் போடுங்கள், தாள் கண்ணாடியில் ஒட்டக் கூடாது.

தக்கலை வாசகி: என்னிடம் ஒரு ஓவியத்தை விலைக்கு வாங்கியவர், கேட்காமலே அதைத் தன் கடைக் காலண்டரில் அச்சடித்துவிட்டார். விற்ற பிறகு நான் கேட்க முடியுமா?

தாராளமாகக் கேட்கலாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாங்கியது படத்தை மட்டுமே. நகலெடுக்கும் உரிமை, நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய, உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உங்கள் வாரிசுகளுக்கு உண்டு. ஒன்றை மட்டும் பாருங்கள்: அவர் பணம் தருவதாகச் சொல்லி வரையச் சொன்ன படமா, நீங்களாக வரைந்து வைத்திருந்ததா? அவர் வரையச் சொன்னதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை அவருக்கே போய்விடும். நீங்களாக வரைந்ததென்றால் காலண்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சிட்டதற்கான தொகை கேட்டு அவருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ்.