கூட்டம் கூடினால் வேகம் குறையும்

கேள்வி: பரண்மேல் கிடந்த கோல்டன் சைனா டிவி கேமைத் தூசி தட்டி எடுத்து, அதில் 'காண்ட்ரா ஃபோர்ஸ்' என்னும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடி வருகிறேன். எதிரிகள் கூட்டமாக வந்தால் திரையில் எல்லாமே ஊர்கின்றன. பாதிப் பேர் மினுக்கி மினுக்கி மறைகிறார்கள். எனக்கு வயதாகிவிட்டது, கை ஓடவில்லை என்கிறான் மகன். ஆட்டத்தை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மகன் தொடுத்த வழக்கைப் பிறகு விசாரிப்போம். 'கூட்டம்' என்று எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. டர்பன் தமிழர் கூட்டங்களில் நெடுங்காலம் முன்வரிசையில் அமர்ந்து களைத்தவனுக்கு, கூட்டம் கூடினால் வேகம் குறையும் என்பதை ஒரு பெட்டி வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

உங்கள் பெட்டி, நின்டெண்டோவின் 8 பிட் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல். அவ்வியந்திரம் திரையின் ஒரு கிடைக்கோட்டில் நகரும் சித்திரத் துண்டுகள் எட்டுக்கு மேல் வரையாது. ஓர் ஆளின் அகலத்துக்கே பெரும்பாலும் இரண்டு துண்டுகள் செலவாவதால், நால்வர் ஒரே தரையில் நின்றாலே கணக்குத் தீர்ந்துவிடும். மிஞ்சியவன் நிரந்தரமாகக் காணாமற் போகக்கூடாது என்பதற்காக, நிரல் எழுதுவோர் வரையும் வரிசையை ஓயாமல் மாற்றி, இந்தக் கணம் இவன், அடுத்த கணம் அவன் என்று முறைவைத்து மறைப்பார்கள். நீங்கள் கண்ட மினுக்கம் அதுதான். மேடையில் எட்டுப் பேருக்கு மேல் அமர்ந்தால் ஒன்பதாமவர் தாமே மறைவார் என்றொரு விதி நம் விழாக்களிலும் இருந்திருந்தால், நன்றியுரை நள்ளிரவை நெருங்கியிராது. அந்த முறைவைப்பு இன்னும் பெரிய நாகரிகம். நம் சங்கங்களில் தலைவர் ஒரு கணமும் மறைவதில்லை, மறைபவர் எப்போதும் நாற்காலி தூக்கிய தொண்டர்தான். இதை முன்பும் இப்பக்கத்தில் எழுதியதால் சில சங்கங்கள் எனக்கு அழைப்பிதழ் அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. மிச்சமான மாலைகளில்தான் நானும் இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன்.

ஊர்வதற்குக் காரணம் வேறு. யார் எங்கே நிற்கிறான், எந்தக் குண்டு எவன்மேல் பட்டது என்ற கணக்கைத் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் ஆட்டம் அடுத்த முறைக்குக் காத்திருப்பதால், வேகம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறையாமல் ஒரேயடியாகப் பாதியாகிறது. போதாக்குறைக்கு, இது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் அமெரிக்கத் திரைக்கென்று எழுதப்பட்டது. 1976இல் தொடங்கிய நம் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியோ 50 முறை என்னும் கணக்கைக் கொண்டது. அதற்கேற்பச் செய்த பெட்டியில் இந்த ஆட்டம், கூட்டமே இல்லாத வெட்டவெளியிலும், ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்.

இயந்திரத்தின்மேல் மட்டும் பழிபோட நான் உடன்படமாட்டேன். 1988இல் அதே இயந்திரத்துக்கு அதே கோனாமி நிறுவனம் தந்த 'காண்ட்ரா', குண்டுமழைக்கு நடுவிலும் துள்ளிக் குதித்து ஓடியது. 1992இல் வந்த 'ஃபோர்ஸ்', ஜப்பானில் 'ஆர்க் ஹவுண்ட்' என்ற பெயரில் வெளியிடத் திட்டமிட்ட வேறோர் ஆட்டம். அங்கே வெளிவராமலே நின்றுபோக, அமெரிக்காவில் காண்ட்ராவின் பெயரை மாட்டிக்கொண்டு கடையேறியது. பழைய காண்ட்ராவின் வேற்றுக்கிரகப் பகைவரைத் தேடிச் சென்றவர்களுக்கு உள்ளூர்ப் பயங்கரவாதிகளே கிடைத்தார்கள். அதே ஆண்டில், அடுத்த தலைமுறை இயந்திரமான சூப்பர் நின்டெண்டோவுக்கு மூன்றாம் காண்ட்ராவும் வந்துவிட்டதால், இதன் ஏழ்மை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

சுமாரான ஆட்டம் என்பதே என் தீர்ப்பு; ஆனால் சோம்பேறி ஆட்டம் அல்ல. தனித்தனி ஆயுதங்களோடு நான்கு வீரர்களைத் தந்து, ஆட்டத்தின் நடுவிலேயே ஒருவரை நிறுத்தி மற்றவரை இறக்கவும் விட்டிருக்கிறார்கள். சில கட்டங்களில் மேலிருந்து பார்க்கும் கோணமும் உண்டு. தாங்கக்கூடியதற்கு மேல் சுமையேற்றி இயந்திரத்தைத் திணறவைத்த குற்றம், யோசனை வறண்டவர்கள் செய்யக்கூடியதன்று. எனக்கு மிகவும் பிடித்தது, தோழர் ஒருவரைத் துணைக்கு அழைக்கும் வசதி: வருகிறார், சற்று நேரம் சுடுகிறார், பொன்னாடைக்குக் காத்திராமல் போய்விடுகிறார்.

இனி உங்கள் மகனின் வழக்கு. திரை ஊரும்போது எதிரியின் குண்டும் சேர்ந்தே ஊர்கிறது. கை தளர்ந்தவருக்கு அது சலுகையே தவிரத் தண்டனை அன்று. எனவே ஆட்டத்தை விடவேண்டாம். இதை இருவர் ஒன்றாக ஆடலாம் என்பதால், இரண்டாவது கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்து, எதிரிகள் மொய்க்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். குற்றம் உங்கள் வயதில்தான் இருக்கிறதென்றால், அவனுடைய ஆளாவது அங்கே விரைந்து ஓடிக் காட்டட்டும்.