வடிகட்டிய சூப்பில் வயிறு மட்டும்தான் நிறையும்

கேள்வி: என் 7 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் கீழ்த்தாடை எலும்பு முறிந்துவிட்டது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குத் திரவ உணவு மட்டும்தான். தினமும் மூன்று டம்ளர் பழச்சாறு, நான்கு டம்ளர் வடிகட்டிய காய்கறி சூப், இரண்டு டம்ளர் பால் கொடுக்கிறோம். அதிலும் நிறைய வழிந்துவிடுகிறது. ஐந்தே நாளில் 20 கிலோவிலிருந்து 19.2 கிலோவுக்கு வந்துவிட்டான். புரதம் போதாவிட்டால் எலும்பு சேராது என்று இணையத்தில் படித்ததால் புரோட்டீன் பவுடரும் கால்சியம் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று நாளாக மலம் போகவில்லை. பாலையும் பழத்தையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்கிறார்களே? இவன் வளர்ச்சி நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. எலும்பும் சேரும். சின்னப் பிள்ளைகளின் தாடை எலும்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகக் கூடிவிடும். அதனால்தான் இரண்டு வாரத்தில் கம்பியை எடுத்துவிடலாம் என்கிறார்கள். தேவைக்கு மேல் கட்டி வைத்தால் தாடை மூட்டு இறுகிப்போகும் என்பதும் ஒரு காரணம். குறைந்த 800 கிராமில் ஒரு பங்கு தண்ணீரும் காலியான குடலும்தான். அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் இனியும் குறையக்கூடாது. நீங்கள் கொடுக்கிற பட்டியலைப் பார்த்தால், குறையத்தான் செய்யும்.

ஒரு டம்ளர் 200 மில்லி என்று வைத்துக்கொண்டால், நீங்கள் எழுதியிருப்பது மொத்தம் 1.8 லிட்டர். கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் பழச்சாறில் 100 மில்லிக்கு 45 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். வடிகட்டிய சூப்பில் 10, 15 தேறினாலே அதிகம். பாலில் 65. ஒரு சொட்டுக்கூட வழியாமல் குடித்தாலும் நாள் முழுக்க 700 கலோரியைத் தாண்டாது. இந்த வயதுப் பிள்ளைக்குச் சுமார் 1400 வேண்டும். பையன் பட்டினி கிடக்கிறான், வயிறு மட்டும் தண்ணீரால் நிறைந்திருக்கிறது. அழுது அடம்பிடிக்கிறான் என்றால் வலியால் மட்டும் இருக்காது.

புரோட்டீன் பவுடரை எடுத்து வைத்துவிடுங்கள். உடற்பயிற்சி செய்கிற பெரியவர்களுக்கான டப்பாக்களில் ஒரு கரண்டியிலேயே 20, 25 கிராம் புரதம் இருக்கும். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மிஞ்சுகிற புரதத்தின் கழிவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு இன்னும் தண்ணீர் வேண்டும். குடிக்கவே திணறுகிற பிள்ளைக்கு இது தேவையில்லாத சுமை. ஒரு லிட்டர் பாலில் 30 கிராமுக்கு மேல் புரதமும் 1000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கின்றன. கால்சியம் மாத்திரையும் வேண்டாம். பொதுவாகவே எந்த மாத்திரையையும் நீங்களாகப் பொடித்துக் கரைத்துக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகளைப் பொடித்தால் மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். எழுதிக் கொடுத்தவரிடம் திரவ மருந்தாகக் கேளுங்கள்.

மலம் போகாதது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. சக்கையே போகாத குடலில் என்ன சேரும்? வயிறு உப்பி வலித்தால் மட்டும் சொல்லுங்கள். பாலும் பழமும் சேர்ந்தால் விஷமாகாது.

சரி, சமையலுக்கு வருவோம். குழாய் வழியே ஊட்டுகிறவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் சாதாரணத் திரவ உணவில் 1 மில்லிக்கு 1 கலோரி இருக்கும். அதையே உங்கள் குறியாக வையுங்கள். வழி எளிது: தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்திலெல்லாம் கொழுப்பு நீக்காத பாலை ஊற்றுங்கள். அரை லிட்டர் பாலுக்கு நான்கு மேசைக்கரண்டி பால் பவுடர். பவுடரை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் குழைத்துவிட்டுச் சேருங்கள். நேரடியாகக் கொட்டினால் கட்டி தட்டி ஸ்ட்ராவை அடைக்கும். இந்தப் பாலில் ஏதாவது தானியக் கஞ்சி காய்ச்சுங்கள். கொதிக்கும்போது அடித்த முட்டையை நூல்போல ஊற்றிக் கிளறி, நன்றாக வேகவிடுங்கள். பச்சை முட்டை கூடவே கூடாது. சூடு சற்று ஆறியதும் மிக்ஸியில் அடியுங்கள். கடைசிச் சுற்றில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் அல்லது வெண்ணெய். மிக்ஸிக்குள்ளேயே சேர்த்தால்தான் கலக்கும், பிறகு ஊற்றினால் மேலே மிதக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரி இருக்கிறது, வயிற்றில் இடம் பிடிக்காது. துணியில் வடிகட்டாதீர்கள், சத்தெல்லாம் துணியில் தங்கிவிடும். கண் சிறிய சல்லடை போதும்.

ஆறினால் கஞ்சி கெட்டியாகும். உடனே எல்லோரும் தண்ணீரைத் தேடுவார்கள். வேண்டாம், பால் ஊற்றுங்கள். இன்னொரு வழியும் உண்டு. முளைகட்டிய தானியத்தைக் காயவைத்து அரைத்த மாவு ஒரு தேக்கரண்டி எடுத்து, கொதி அடங்கி இன்னும் நல்ல சூட்டோடு இருக்கும் கஞ்சியில் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். முளையில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். கரண்டி நின்ற கஞ்சி, ஊற்றினால் ஓடும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். சத்து குறையாமல் நீர்த்துப்போகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல்.

இரண்டு வாரமும் இனிப்பாகவே கொடுத்தால் எந்தப் பிள்ளையும் டம்ளரைக் கண்டாலே வாயைத் திருப்பிக்கொள்ளும். நீங்கள் சாப்பிடுவதையே குழைய வேகவைத்து, காரமில்லாமல், உப்புப் போட்டு, பாலோ கெட்டியான பருப்போ சேர்த்து அடித்துக் கொடுங்கள். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி, நாளைக்கு ஏழு தடவை. நேராக உட்கார வைத்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் மென்மையான குழாய் மாட்டிய சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கின பிறகுதான் அடுத்தது. அவசரப்படுவதால்தான் வழிகிறது. ஒவ்வொரு முறையும் முடிவில் சில மிடறு தண்ணீர், பிறகு மென்மையான பிரஷ். கம்பியில் பாலும் மாவும் ஒட்டிக்கொண்டே இருந்தால் பல் கெடும். மீந்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, நான் அதைத்தான் முதலில் கேட்பேன். பையன் எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறான்? ஊற்றியதில் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சட்டையில் போனது என்று உங்களால் சொல்ல முடியாது. சிறுநீரைப் பார்த்தால் தெரிந்துவிடும். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிர் மஞ்சளாகப் போனால் நிம்மதியாக இருங்கள். அடர்ந்த நிறத்தில், கொஞ்சமாகப் போனால் அன்றே தண்ணீரைக் கூட்டுங்கள். விழித்திருக்கும் பிள்ளை எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, கூப்பிட்டால் சோர்ந்து கண்ணை மூடுகிறான் என்றால் சமையலறைப் பக்கம் போகாதீர்கள். அந்த நேரமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், நள்ளிரவானாலும். நீர் வற்றிய பிள்ளைக்குத் தூக்கம் வரும், தூங்குகிற பிள்ளை குடிக்காது, குடிக்காததால் இன்னும் வற்றும். அரை மயக்கத்தில் இருக்கிறவன் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தவிர, கீழே விழுந்த பிள்ளை இது. அந்த மந்தம் தலையில் பட்ட அடியாலும் இருக்கலாம். எது காரணம் என்று நீங்கள் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் தேட வேண்டாம்.

வாந்தி வந்தால் முன்பக்கமாகக் குனிய வையுங்கள். குடித்தது திரவம்தானே, பல் இடுக்கிலும் மூக்கிலும் வெளியே வந்துவிடும். கம்பியை வெட்டும் கருவி ஒன்று எப்போதும் அவன் அருகிலேயே இருக்க வேண்டும், எந்த இடத்தில் வெட்டுவது என்பதையும் கட்டிவிட்டவர் உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் இன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். வாரம் இரண்டு முறை, ஒரே எடை இயந்திரத்தில், காலையில் பார்த்தால் போதும். அப்படியே நின்றால் சரி. இன்னொரு அரை கிலோ குறைந்தால் அறுவை மருத்துவரிடம் சொல்லி, உணவியல் நிபுணரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.