கடுகைப் படமெடுக்க ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் எதற்கு? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் மாதாமாதம் மேக்ரோ, அதாவது சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் புகைப்படப் போட்டி நடத்துகிறோம். ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம், ஓட்டும் நாங்களே. பரிசெல்லாம் கிடையாது. இந்த மாதத் தலைப்பு 'அஞ்சறைப் பெட்டி'. படத்தில் தெரியும் பரப்பு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. என்னிடம் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இல்லாமல் இதில் இறங்காதே என்கிறார் ஒரு நண்பர். தவணையில் வாங்கிவிடலாமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: தவணைக் கடையை விட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் ஒரு ஸ்கேலை எடுங்கள். லென்ஸை 55இல் வைத்து, ஆட்டோஃபோகஸை அணைத்து, ஃபோகஸ் வளையத்தைக் கிட்டத்துப் பக்கம் கடைசிவரை திருப்பிவிடுங்கள். இனி வளையத்தைத் தொடக் கூடாது. ஸ்கேல் துல்லியமாகத் தெரியும்வரை கேமராவையே முன்னே கொண்டுபோய் ஒரு படம் எடுங்கள். படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை எத்தனை மி.மீ. தெரிகிறது? உங்கள் லென்ஸில் சுமார் 65 வரும். 3 அங்குலம் என்பது 76 மி.மீ. ஆக, ஒரு பைசா செலவில்லாமல் விதிக்குள் வந்துவிட்டீர்கள். பட்டை, அன்னாசிப்பூ, காய்ந்த மிளகாய்க் காம்பு எல்லாம் இப்போதே எடுக்கலாம்.

கடுகுதான் வேண்டும் என்றால் இது போதாது. உங்கள் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் அகலம் சுமார் 22 மி.மீ. ஸ்கேலிலும் 22 மி.மீ. மட்டும் தெரிந்தால் அதுதான் 1:1, அசல் மேக்ரோ. அதற்கு மலிவான வழி எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடியே கிடையாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கும் வெறும் குழாய்தான். பெரும்பாலும் 12, 20, 36 மி.மீ. என்று மூன்றாக வரும். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். 36ஐ 55ஆல் வகுத்தால் 0.65. உங்கள் லென்ஸில் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு (22ஐ 65ஆல் வகுத்தது) இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ 1:1.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். டியூபின் உட்புறம் பொன்னிறத்தில் சிறு மின்தொடு புள்ளிகள் இருக்க வேண்டும். அவை இல்லாத டியூப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் அதைப் போட்டால் கேனானில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையின் அளவை, மாற்ற முடியாது. இரண்டாவது, உங்கள் லென்ஸில் இருப்பது வெள்ளைச் சதுரக் குறி. டியூபிலும் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புப் புள்ளி மட்டும் உள்ள டியூபில் உங்கள் லென்ஸ் உட்காராது.

எங்காவது 55-250 போன்ற டெலி ஜூம் (தூரத்துப் பொருளை இழுத்துக் காட்டும் லென்ஸ்) இரவல் கிடைத்தால் கணக்கு மாறும். நீளமான லென்ஸில் டியூப் அவ்வளவாக வேலை செய்யாது. அதன் முனையில் கவ்விக்கொள்ளும் ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கிக் கண்ணாடிதான் அதற்குச் சரி. 250இல் வைத்து எடுத்தால் 2:1 வரை, அதாவது 1:1ஐப் போல இரு மடங்கு வரை போகும், லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவே 11, 12 செ.மீ. இடமும் கிடைக்கும். +1, +2, +4, +10 என்று செட்டாக விற்கும் மலிவுக் கண்ணாடிகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓரமெல்லாம் ஊதா வழியும்.

இன்னொன்று. எல்லாம் தெளிவாக விழட்டும் என்று அபெர்ச்சர் துளையைச் சுருக்கி எஃப் 22க்குப் போய்விடாதீர்கள். 1:1இல் நீங்கள் எஃப் 11 வைத்தாலே அது எஃப் 22 போலத்தான் நடந்துகொள்ளும். அதற்கு மேல் போனால் படம் முழுக்க மொழுமொழுவென்று ஆகிவிடும்.

உங்கள் நண்பர் சொல்லும் 100 மி.மீ. லென்ஸ் அருமையான லென்ஸ், மறுக்கவில்லை. அது தேவைப்படுவது அடுத்த மாதம் 'முசுறு எறும்பு' என்று தலைப்பு வைத்தால். டியூப் போட்ட 55இல் பூச்சிக்குச் சில செ.மீ. பக்கத்தில் போய் நிற்க வேண்டும். முசுறு அதுவரை பார்த்துக்கொண்டிருக்காது.

கேள்வி: வெளிச்சத்துக்கு வட்ட எல்இடி விளக்கு வாங்குவதா, ஃபிளாஷ் வாங்குவதா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: ஃபிளாஷ். வட்ட விளக்கைப் பளபளப்பான எதன்முன் நீட்டினாலும் அதன் மேல் வெள்ளை வளையம் ஒன்று அப்படியே விழும். மிளகில் அவ்வளவாகத் தெரியாது. கடுகிலும் பொன்வண்டு முதுகிலும் அசிங்கமாகத் தெரியும். அதைவிட, 1:1இல் உங்கள் மூச்சுக்கே படம் ஆடும். குறைந்த சக்தியில் வைத்த ஃபிளாஷ் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் எரியும். அந்த நேரத்துக்குள் கை நடுக்கமாவது ஒன்றாவது!

டிடிஎல் என்ற தானியங்கி வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மேக்ரோவில் தூரம் பெரிதாக மாறுவதில்லை, ஒருமுறை சக்தியைச் சரிசெய்துவிட்டால் அன்று முழுக்க அதேதான். கோடாக்ஸ் டிடி600 மாதிரி கையால் சக்தியை மாற்றும் ஃபிளாஷ் போதும், உங்கள் கேமராவில் எரிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஷட்டரை 1/200 நொடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சப்படும் பணத்துக்கு வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு, அட்டை, செல்லோ டேப். அட்டையைக் கூம்பாக வளைத்து, உட்புறம் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, வாயில் பட்டர் பேப்பரைக் கட்டுங்கள். அந்த வாய் பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு மென்மையான வெளிச்சம். இந்த மாதிரிப் போட்டிகளில் முதலில் வரும் படத்துக்கும் நடுவில் நிற்கும் படத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கூம்புதான், லென்ஸ் இல்லை என்பது என் கட்சி.

கேள்வி: 'மேக்ரோ கேமரா உண்டு' என்று விளம்பரம் செய்யும் போன் வாங்கினால் போட்டிக்குப் போதுமா? – ஓசூர் வாசகி

பதில்: அந்த மேக்ரோ கேமரா 2 மெகாபிக்சல் என்றால் அதற்காக வாங்காதீர்கள். பெட்டியில் கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வைத்தது அது. அகலமான காட்சியைப் பிடிக்கும் அல்ட்ராவைடு கேமராவில் ஆட்டோஃபோகஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் 2, 3 செ.மீ. வரை நெருங்கலாம். ஒரே சிக்கல், அவ்வளவு கிட்டத்தில் போனின் நிழலே பொருள்மேல் விழும். பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து எடுங்கள்.

கேள்வி: 'ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்' என்று போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் டியூபை இணையக் கடையில் வாங்கினேன். பிரித்தால் மின்தொடு புள்ளியே இல்லாத வெறும் குழாய். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். அவ்வளவுதானா? – மதுரை வாசகர்

பதில்: அவ்வளவு இல்லை. பிரிக்காமல் உள்ளே புள்ளி இல்லை என்று யாருக்குத் தெரியும்? நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 இதில் தெளிவாக இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. 'பிரித்தால் திரும்ப எடுப்பதில்லை' என்று அவர் எழுதி வைத்திருப்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

முதல் வேலை, விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கே 'ஆட்டோஃபோகஸ்' என்ற சொல் அங்கிருந்து காணாமல் போகலாம். டியூபின் உட்புறம், பெட்டியின் லேபிள் இரண்டையும் படமெடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எம்ஆர்பியும் லேபிளில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதுவே தனியாக ஒரு புகார். அப்புறம் விற்பனையாளரோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த இணையக் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. டியூப் விவகாரம் அதுவரை போகாது என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: பூஞ்சை. கடலோர ஊர்க்காரருக்கு வேறு எதையும் முதலில் சொல்ல மாட்டேன். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்புறத்தில் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்த கோடு தெரிந்தால் விலை இன்னும் பாதியானாலும் வேண்டாம். சுத்தம் செய்தாலும் கண்ணாடிப் பூச்சில் தழும்பு நிற்கும். நாலைந்து தூசி தெரிந்தால் கவலையில்லை, படத்தில் வராது. வாங்கிய பின் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-50 சதவீதத்தில் வைத்திருங்கள். தோல் பைக்குள் போட்டு பீரோவில் வைப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஃபோகஸ் ஸ்டாக்கிங்குக்கு மென்பொருள் வாங்க வேண்டுமா? – சேலம் வாசகி

பதில்: முதலில் உங்கள் போட்டியில் அதற்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் செய்த பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும் இந்த வேலையைச் சில குழுக்கள் ஏற்பதில்லை. அனுமதி இருந்தால் ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் இரண்டையும் 30 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். இந்த மாதத் தலைப்பு அதற்குள் முடிந்துவிடும்.