செலினியம் ஈஸ்ட் திட்டப்பணி: மகளுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் மகள் செலினியம் என்ற நுண்சத்தை ஏற்றிய ஈஸ்ட்டைத் திட்டப்பணியாக எடுத்திருக்கிறாள், இதை வைத்து வேலை கிடைக்குமா என்று உங்களுக்குக் கவலை. தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். கோழித்தீவனம், மாட்டுத்தீவனம், மனிதருக்கான சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் இந்த ஈஸ்ட்டின் பொடி போகிறது. வளர்க்க ஆள் கிடைத்துவிடும். அதிலுள்ள செலினியத்தைச் சரியாக அளப்பவர்தான் அரிது. மகளைத் தயார்செய்ய வேண்டியது அதற்குத்தான்.

ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட்தான். மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) ஊட்டி, காற்றுச் செலுத்தி வளர்க்கும்போது சோடியம் செலினைட் என்ற செலினிய உப்பைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் செலினியத்தை வைத்து ஈஸ்ட் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கட்டுகிறது. அதற்குப் பெயர் செலினோமெத்தியோனின். ஊடகத்தில் சல்ஃபேட் மிகுந்தால் செலினியம் ஏறாது. செலினைட்டை மொத்தமாகக் கொட்டினால் வளர்ச்சி நின்றுவிடும். செங்கல் நிறம் தட்டினால் அது தனிமச் செலினியமாகிப் பயனற்றுப் போகிறது என்று பொருள். அறுவடைக்குப்பின் செல்களை நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வெளியே ஒட்டிய செலினைட்டும் மொத்தக் கணக்கில் சேர்ந்து, சரக்கு நல்லதுபோலத் தெரியும். சோடியம் செலினைட் நஞ்சு என்பதால் கையுறையோடு, நச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டுக்குள் வைத்தே எடை போடச் சொல்லுங்கள்.

விற்பனைக்கு வரும் பொடியில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் அளவில் செலினியம் இருக்கும். தீவனத்தில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் சேர்க்க வேண்டுமென்றால், ஒரு டன்னுக்கு வெறும் 100 கிராம் பொடி போதும். அதை நேரடியாகக் கலந்தால் ஒரு மூட்டையில் கூடும், இன்னொன்றில் குறையும். முதலில் தவிடு போன்ற ஏதாவதொன்றோடு முன்கலவை செய்தாக வேண்டும். செலினியம் கூடினாலும் கோழிக்குக் கேடு என்பதால்தான் அளவீட்டில் இவ்வளவு கவனம்.

மாணவர்கள் தவறுவது மாதிரியைத் தயாரிக்கும்போதுதான். இரும்பு, துத்தநாகத்துக்குச் செய்வதுபோல் உலையில் சாம்பலாக்கினால் செலினியம் ஆவியாகிவிடும், முடிவு குறைவாக வரும். மூடிய குழாயில் நைட்ரிக் அமிலம் விட்டு மைக்ரோவேவில் செரிக்க வைக்க வேண்டும். அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில், அதில் ஓடும் ஆர்கான் வாயுவின் இரட்டை அணுவுக்கும் நிறை 80 என்பதால் செலினியம்-80ஐ அப்படியே நம்ப முடியாது. இத்தகைய இடையூறுகளை வடிகட்டும் மோதல் அறையை இயக்கி, செலினியம்-78ஐப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு தொகுப்போடும் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் செல்ம்-1 போன்ற, செலினியம் அளவு சான்றளிக்கப்பட்ட ஈஸ்ட்டை ஓட்டிப் பார்த்தால் பிழை அங்கேயே பிடிபடும். செலினோமெத்தியோனின் எவ்வளவு என்பது தனிச் சோதனை. மொத்தச் செலினியத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

இதெல்லாம் பாதிக்குமேல் பகுப்பாய்வு வேதியியல். நுண்ணுயிரியல் மாணவர்கள் ஒதுக்கும் பாடமும் அதுவே, ஆகவே துணைப்பாடமாகவாவது அதைப் படிக்கட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்திலோ, ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து ஏற்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்திலோ விடுமுறையில் பயிற்சிக்கு இடமுண்டா என்று துறைத்தலைவர் கடிதத்தோடு இப்போதே கேளுங்கள். சான்றிதழ் தரும் குறுகியகாலப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், “தெரிந்த அளவுகளை வைத்துக் கருவிக்குப் போடும் அளவுத்திருத்தக் கோட்டை என் மகளே போடுவாளா, தள்ளி நின்று பார்ப்பாளா?” என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.