சிங்கப்பூரின் கோடை வெயிலையும் புழுக்கத்தையும் நீண்ட பகலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திருச்சியிலிருந்து ஜூன் மாதம் கட்டுமானப் பொறியாளர் வேலைக்காகச் சிங்கப்பூர் வரவிருக்கும் நண்பர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்: கோடையின் வெயிலும் புழுக்கமும் அங்கே எப்படி இருக்கும், இரவு ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் நீண்ட பகலுக்கு எப்படிப் பழகுவது, 68 வயதுத் தாயாரை எப்போது அழைத்து வரலாம். நானும் திருவெறும்பூர்க்காரன்தான். 2008-இல் இங்கு வந்து, இன்றுவரை கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்து வருகிறேன் என்பதால், இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

முதலில், இங்கே கோடை என்று தனியாக ஒன்று இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் டிகிரிக்குச் சற்று மேல் வடக்கே இருக்கும் இந்தத் தீவில் ஆண்டு முழுவதும் பகலில் 31 முதல் 33 டிகிரி, இரவில் 24, 25 டிகிரி என்றே ஓடும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் கொஞ்சம் கூடுதல். டிசம்பர், ஜனவரி கொஞ்சம் குறைவு. இதுவரை பதிவான உச்சம் 37 டிகிரி. அது 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் பதிவானது. இதைக் கேட்டால் திருச்சிக்காரர் எவரும் சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். சிரிப்பு எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் என் தாயார் போட்ட வடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதன்முறையாக இங்கு வந்திருந்தபோது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் நன்றாக வெயில் விழுவதைப் பார்த்து, அரிசிக்கூழ் காய்ச்சிப் பழைய வேட்டியில் வடகம் கிள்ளி வைத்தார். ஊரில் காலையில் கிள்ளினால் மாலையில் மேற்புறம் சருகாகிவிடும். மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்துவிடலாம். இங்கே மூன்றாம் நாளும் விரலை வைத்தால் கூழ் ஒட்டிக்கொண்டு வந்தது. நான்காம் நாள் மழை. ஐந்தாம் நாள் ஓரங்களில் சாம்பல் நிறப் பூஞ்சை. வெயில் குறைவு என்று அவர் வானத்தைக் குறை சொன்னார். குறை வெயிலில் இல்லை. காற்றில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருந்ததால், வடகத்திலிருந்து வெளியேற வேண்டிய நீருக்கு அங்கே இடமில்லை.

வியர்வைக்கும் இதே கதிதான். வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான் குளிர்கிறது. முகத்திலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் நமக்கு ஒரு பயனும் இல்லை. நீரும் உப்பும் நட்டம், அவ்வளவுதான். வெப்பமானியின் குமிழில் ஈரத் திரியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால் அது காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்வை வழியாக உடம்பு எவ்வளவு குளிர முடியும் என்பதற்கு அதுவே ஏறத்தாழ எல்லை. திருச்சியில் 39 டிகிரியும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலில் அது ஏறக்குறைய 25 டிகிரி. சிங்கப்பூரில் 32 டிகிரியும் 70 விழுக்காடும் உள்ள சாதாரணப் பிற்பகலில் 27-ஐத் தாண்டிவிடும். வெயிலின் அளவு ஏழு டிகிரி குறைவு, உடம்புக்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் குறைவு. மண்பானைத் தண்ணீர் இங்கே ஊரில்போல் சில்லிடாததற்கும், நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலர் இங்கே அறையை மேலும் புழுங்கவைப்பதற்கும் காரணம் இதுவே. அதை யாராவது மலிவாக விற்றால் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கி, இரண்டு வாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

இப்போது என் சிரிப்பின் கதை. வந்த ஐந்தாம் நாள், பொங்கோலில் எழுந்துகொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் கான்கிரீட் போடும் வேலையை உச்சி வெயிலில் நின்று பார்க்கச் சொன்னார்கள். முழுக்கைச் சட்டை, அதன்மேல் பளபளக்கும் மேலங்கி, தலைக்கவசம், கனத்த காலணி. தண்ணீர் நிறையக் குடித்தேன். வேறு எதையும் சாப்பிடவில்லை. இரண்டரை மணிக்குக் கெண்டைக்கால் இழுத்தது, பிறகு குமட்டல், பிறகு எதிரில் நின்றவர் பேசியது காதில் விழுந்தும் புரியவில்லை. புதிதாக வந்தவனை முதல் வாரமே அங்கே நிறுத்தியது தவறு என்று அந்த நிறுவனத்தில் எவருக்கும் தோன்றவில்லை. "பழகிவிடும்" என்று மேலாளர் சொன்னது நினைவிருக்கிறது. என்னைக் கீழ்த்தளத்துக்கு இறக்கியவர் புதுக்கோட்டைப் பக்கத்து ஃபோர்மேன் ஒருவர். காலணியைக் கழற்றி, சட்டையைத் திறந்து, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீரை ஊற்றிவிட்டு, சிமெண்ட் பலகை வந்த அட்டையை இரு கைகளாலும் பிடித்துக் கால்மணி நேரம் இடைவிடாமல் விசிறினார். தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தால் பாதிதான் பயன்பட்டிருக்கும். தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்கிப் புதுக் காற்றைக் கொண்டுவந்த அந்த அட்டைதான் மீதிப் பாதி.

அதன் பிறகு நான் கற்றவற்றில் முதலாவது, உடம்புக்கு அவகாசம் கொடுப்பது. ஒன்று முதல் இரண்டு வாரம், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தில் நேரத்தைக் கூட்டினால், உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும், இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், நெஞ்சின் படபடப்புத் தணியும். நாள் முழுவதும் ஏர்கானில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயிலில் ஓடினால் இந்தப் பழக்கம் உண்டாகாது. திருச்சி வெயிலில் வேலை பார்த்த உடம்பு என்பது உங்களுக்குப் பாதி உதவி. மீதிப் பாதியை இந்த ஈரத்தில்தான் பழக வேண்டும். நான் வந்த காலத்தில் ஏட்டளவில் இருந்தவை இப்போது இறுகியிருக்கின்றன: மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த ஏற்பாடுகளின்படி, புதிய ஊழியர்களைக் குறைந்தது ஏழு நாள்களுக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும், மணிக்கொரு முறையாவது தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், வெப்ப அளவு 32-ஐ எட்டினால் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு தர வேண்டும்.

அந்த 32 என்பது சாதாரண வெப்பநிலை அன்று. தளத்தில் முக்காலியின்மேல் ஒரு கருவி நிற்பதைப் பார்ப்பீர்கள்: ஒரு கறுப்புக் கோளம், ஈரத் திரி சுற்றிய ஒரு குமிழ், ஓர் ஈரமில்லாக் குமிழ். மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும்போது ஈரக்குமிழுக்குப் பத்தில் ஏழு பங்கும், வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு இரண்டு பங்கும், வெறும் காற்றின் வெப்பத்துக்கு ஒரே ஒரு பங்கும் கொடுக்கிறார்கள். கைப்பேசியில் தெரியும் "32 டிகிரி, வெயில்" என்ற வரிக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். காலையில் அந்தத் திரிக்கு வடிநீர் ஊற்றுவது என் முதல் வேலை. திரி காய்ந்து கிடந்தால் கருவி பொய் சொல்லும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியிலும் இதே அளவு வட்டாரவாரியாக வருகிறது: 31-க்குக் கீழே குறைவு, 31 முதல் 33-க்குள் மிதம், 33-உம் அதற்கு மேலும் அதிகம். நான் வானிலைக்குப் பதில் அதைத்தான் பார்க்கிறேன்.

நீண்ட பகல் பற்றிய உங்கள் கவலை கடிகாரம் செய்த வேலை. இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டி நிற்கும். மிக நீண்ட நாளுக்கும் மிகக் குறுகிய நாளுக்கும் பத்து நிமிடம்கூட வேறுபடாது. ஜூன் மாதத்தில் உங்கள் திருச்சியின் பகல்தான் இதைவிட நீளம். ஆனால், 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து, இத்தீவின் நேரம் சூரியனைவிட ஒரு மணிக்குச் சற்று மேல் முந்தி ஓடுகிறது. ஆகவே பொழுது ஏழு மணியளவில் புலர்ந்து, மாலை ஏழு மணியளவில்தான் சாய்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆறரை மணி இருட்டில் பேருந்துக்கு நிற்பதைப் பார்த்து முதலில் எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையான நீண்ட பகலை நான் பார்த்தது லண்டனில், தங்கை வீட்டில், ஒரு ஜூன் மாதம்: இரவு ஒன்பதேகாலுக்குச் சூரியன் மறைந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிட்டது, கறுப்புத் திரைச்சீலை போட்டால்தான் தூக்கம். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கடிகாரத்தை ஊர்க்கணக்கில் பார்த்து ஏமாறக் கூடாது. திருச்சியில் உச்சிப்பொழுது பன்னிரண்டேகாலை ஒட்டி. இங்கே ஒரு மணியைத் தாண்டி. என்னோடு வேலை பார்க்கும் நாகூர்ப் பக்கத்து அண்ணன், "லுஹருக்குப் பாங்கு சொன்னால்தான் உச்சி" என்பார், நண்பகல் தொழுகை அழைப்பைச் சொல்கிறார். அதுவே சரியான கடிகாரம். மார்ச் 20-ஐத் தாண்டிய சில நாள்களில் ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் கொடிக்கம்பத்தின் கீழே போய் நில்லுங்கள், நிழலே இருக்காது. ஊரில் நாலரைக்குக் கிளம்பிய மாலை நடையை இங்கே ஐந்தரைக்குத் தள்ளுங்கள். அதைவிட நல்லது காலை ஏழு முதல் எட்டரை. அப்போது ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டியிருக்கும் என்றாலும், தலைமேல் வெயில் இல்லாதது அதை ஈடுசெய்துவிடும்.

வீட்டுக்குள் விசிறிதான் அரசன். இங்கே காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான 35 டிகிரியை எட்டுவது மிக அரிது என்பதால், விசிறி எப்போதும் உதவும். ஊரின் கத்திரியில் விசிறி அனலை அள்ளி வீசுவதுபோல் வீசாது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஒரு விசிறியை வெளியே பார்த்து வைத்தால் பகல் முழுவதும் ஏர்கான் இல்லாமல் ஓட்டலாம். இரவில் போட்டால் 25 அல்லது 26 டிகிரியில் வைத்து, மேலே விசிறியையும் சுழலவிடுங்கள். குளிரைவிட ஈரத்தை இழுத்து வெளியே தள்ளுவதுதான் அந்த எந்திரம் நமக்குச் செய்யும் பெரிய உபகாரம். லீ குவான் இயூ சிங்கப்பூரின் வளர்ச்சிக்கு ஏர்கானுக்குப் பெரும் பங்கு கொடுத்துப் பேசியவர். எனக்கு மறுப்பில்லை, ஆனால் 20 டிகிரி அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டு படிக்கட்டில் தடுமாறும்போது அந்த நன்றியுணர்வு கொஞ்சம் குறைகிறது.

உடை விஷயத்தில் ஊர்ப் பாடத்தைச் சற்று மாற்ற வேண்டும். பருத்தி நல்லதுதான், மெல்லியதாக, தளர்வாக இருக்கும்வரை. கனத்த பருத்தியும் ஜீன்ஸும் ஈரத்தைக் குடித்துவிட்டு நாள் முழுவதும் விடாது. தொடையிலும் இடுப்பிலும் வேர்க்குருவும் படர்தாமரையும் அங்கேதான் தொடங்கும். விளையாட்டுச் சட்டைகள்போல் சீக்கிரம் உலர்பவற்றை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் காலணி இரண்டு ஜோடி வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடுங்கள். தோல் இடைவாரை அலமாரியில் மூடி வைத்தால் ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும்.

நடக்கும்போது நிழலைத் தொடர்ந்து நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளுக்கு முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதை, 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இருந்தே வந்த ஏற்பாடு. இன்று எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து புளோக் வரை கூரை போட்டிருப்பதும் அதே எண்ணம்தான். குடையை மழைக்கென்று மட்டும் வைத்திருக்காதீர்கள். நீங்கள் வரும் ஜூன் மாதத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றோடு மழை அடிக்கும். அந்த ஒரு மணி நேரம் சொர்க்கம். மழை விட்டு வெயில் ஏறியதும் தார்ச்சாலையிலிருந்து ஆவி கிளம்புமே, ஆண்டின் மோசமான புழுக்கம் அதுதான். கடினமான வேலையை அந்த நேரத்தில் வைக்காதீர்கள்.

குடிப்பதற்கு நான் நீர்மோரை உப்புப் போட்டுக் குடுவையில் கொண்டுபோகிறேன். தளத்தில் உப்பில்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. உடன் வேலை செய்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாலோ, வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலே இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், நனைத்து, விசிறிக்கொண்டே 995-ஐ அழையுங்கள்.

தாயாரைப் பற்றி: ஜூன் மாதத்தில் உங்களோடு அழைத்து வர வேண்டாம். நீங்களே பழகாத வீட்டில், நீங்கள் வேலைக்குப் போன பிறகு, சிக்கனம் கருதி ஏர்கானையும் விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். என் தாயார் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் வரச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும். சில நாள்களில் 22, 23 டிகிரிவரை இறங்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போர்வையோடு உட்காரலாம். வடகத்தை மட்டும் ஊரிலேயே காயவைத்து எடுத்து வரச் சொல்லிவிடுங்கள்.